கண்மூடிக் கருப்பு

செக்கானூரணி தாண்டி மூணாவது கரட்டடியில
எங்க சாமி உக்காந்திருக்கு.
மூடின கண்ணு மேல வருசா வருசம்
வெள்ளை எனாமல்ல ரெண்டு முழி வரைவோம்.
மீசை நான் வரைஞ்சது.
பதினாலு வயசுல, விருமன் சித்தப்பா
கை நடுங்கக்கூடாதுடா காசிமாயான்னு
பிரஷ்ஷைக் குடுத்தாரு.

அந்த மீசையைப் பாத்துத்தான்
என் தங்கச்சி பவுன்தாய் சொன்னா:
"இது கருப்பு இல்லண்ணே. தீர்த்தங்கரரு.
ஈ எறும்புக்கும் நோகக்கூடாதுன்னு நினைச்சவரு."
கெடாவுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டு
அது தலை குலுக்கக் காத்திருந்த நேரம்.
அன்னைக்குன்னு பாத்து
கெடா தலையை ஆட்டவே இல்ல.

அவ படிப்பு என் வண்டியில வந்தது.
ராத்திரி ராத்திரியா மாட்டுத்தாவணிக்குத் தக்காளி.
விலை விழுந்த வருசம் ஆர்சி புக்கை அடகு வச்சு
ஃபீஸு கட்டினேன்.
அந்தக் காசுல வட்டெழுத்து படிச்சா.
அந்த எழுத்தை வச்சு எங்க சாமி பேரை மாத்தினா.

பேப்பர்ல வந்துச்சு.
'ஆயிரத்து நூறு ஆண்டு பழமையான சிற்பம் கண்டுபிடிப்பு.'
கண்டுபிடிப்பாம்.
நாங்க தொலைக்கவே இல்லையே.

டேப்பு வச்சு அளந்தாங்க.
தின்னர் ஊத்தி முழியத் துடைச்சாங்க.
மீசை முழுசாப் போகல, நிழலாட்டம் நிக்குது.
நீல போர்டு நட்டுட்டு ஜீப்பு ஏறிட்டாங்க.
"பொட்டப்புள்ளையப் படிக்க வச்ச,
சாமி போச்சு"ன்னாரு சித்தப்பா.
அவரு கோவம் வேற, என் கோவம் வேற.
ஆனா ரெண்டும்
ஒரே பந்தியில உக்காந்திருச்சு.

போன்ல ஒருதரம் கேட்டேன்:
"செஞ்சவனுக்குச் சொந்தமா,
இத்தனை தலைமுறை விளக்குப் போட்டவனுக்கா?"
"கல்லு சொல்றதைத்தாண்ணே சொல்றேன்."
"கல்லு உங்கிட்ட மட்டுந்தான் பேசுதா?"
அதுக்கப்புறம் நாலு வருசம் பேச்சில்ல.

அம்மா மட்டும் மாசிப் பச்சை முடிஞ்ச மறுநாள்
தூக்குச்சட்டியில கறிக்குழம்போட
நாகமலைக்கு பஸ் ஏறும்.
சட்டி காலியாத் திரும்பும்.
அவ தின்னாளா,
ஸ்டாப்புல நாய் தின்னுச்சான்னு
நானும் கேட்டதில்ல, அம்மாவும் சொன்னதில்ல.

சண்டைக்கு முந்தி ஒருநாள்
என் விரலைப் பிடிச்சு அந்த வரி மேல நடத்தினா.
எல்.கே.ஜி. புள்ளைக்குச் சொல்ற மாதிரி,
"செய்-வித்-த திரு-மே-னி."
யாரு செஞ்சது? யாருக்கு?
"அந்த ரெண்டு சொல்லும் செதஞ்சிருச்சுண்ணே."
எப்படிச் செதஞ்சுச்சுன்னு அவ சொல்லல.
அந்த முனையிலதான்
நாங்க தேங்காய் உடைப்போம்.
எங்க அப்பன் உடைச்சான். அவன் அப்பன் உடைச்சான்.
அவளுக்குத் தெரியாமலா?
பேப்பர்ல இப்படித்தான் எழுதியிருந்தா:
'காலத்தால் சிதைந்துள்ளது.'
காலத்தாலயாம்.

இந்த மாசி
போர்டுக்கு இந்தப் பக்கம் நின்னு
ரெண்டு முழம் தள்ளிக் கிடந்த
பேரில்லாத கல்லுல உடைச்சேன்.
சித்தப்பா முறைச்சாரு.
"தோள் வலி, வாட்டம் இல்ல"ன்னேன்.
சில்லு ஒன்னு தெறிச்சுப் போயி
அந்த வரி மேல விழுந்துச்சு.
யாரும் பாக்குமுன்ன எடுத்து
வாயில போட்டுக்கிட்டேன்.