அகராதி பிடித்தவள்

முட்டம் துறைமுகம். ஐஸ் ஆலையின் மாடி.
கீழே பார் உடைக்கும் மெஷின் ஓடினால்
என் திரையில் எழுத்துகள் நடுங்கும்.

பைத்தானின் அகராதியை
அப்படியே எடுத்தாள மனமில்லை.
அதன் வயிற்றில் என் சொந்த வகுப்பொன்றைப்
பிறக்கவைத்தேன், பற்றேடு என்று பேர்.
சாவி, படகின் எண்.
எத்தனை பார், எவ்வளவு பாக்கி, அது மதிப்பு.
ஒரு சாவி வெளியேறினால்
யார், என்றைக்கு, ஏன் என்று
ஒரு வரி எழுதிவைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.
முன்னால் இரண்டு கீழ்க்கோடு, பின்னால் இரண்டு,
நடுவே டெல்ஐட்டம்:
வாசலில் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்தாற்போல.

"இம்புட்டு அகராதி ஆகாது பிள்ளே,
அழிக்கதுக்குமா காரணம்?" என்றார்
கணக்கர் பிரான்சிலின்.

தடைக்காலம் முடிந்த முதல் ராத்திரி
ஜெலஸ்டின் வந்து நின்றார். கைலியில் டீசல் வாடை.
நாற்பது பார் வேணும்.
எண்ணை அடித்தேன்.
கீ எரர்.
அப்படியொரு சாவியே இல்லையாம்.
"எனக்க வள்ளம் அன்னா கெடக்கு,
நான் இஞ்ச நிக்கேன்,
பொறவு எதாக்கும் இல்ல?"

பதினொரு படகு காணோம்.
நீக்கல் ஏட்டில் ஒரு வரியும் இல்லை.

விடியும்போது அகப்பட்டது.
ஓய்ந்த கணக்குகளைக் கழிக்க
நானே அவருக்குச் செய்துகொடுத்த பொத்தான்,
அதற்குள்ளே ஒரு பாப்.
பாப் என் வாசலுக்கு வந்ததே இல்லை.
தாய்வகுப்பின் பழைய பின்கதவு திறந்தே கிடந்திருக்கிறது.
நாற்காலியில் நான் மட்டும், காவலாக.

பாப்பை அடைத்தேன், பாப்ஐட்டத்தை, கிளியரை.
எல்லாருக்கும் ஒரே வாசல்.
சோதிக்கையில் இன்னொரு பிழை:
சுற்றி வரும்போதே அளவு மாறிவிட்டதாம்.
சரிதான், பந்தி நடக்கையில் இலையை எடுக்கலாமா?
சாவிகளை முதலில் தனிப் பட்டியலாக்கிக்கொண்டு
பிறகு எடுத்தேன். சத்தமில்லை.

பழைய நகலிலிருந்து பத்து எண்கள் திரும்பின.
ஜெலஸ்டினின் ஐஸ் வண்டியேறியது.
பதினொன்றாவதைத் தொட்டபோது
"அத விடு, அது நீண்டகரைக்கு வித்தாச்சு" என்றார் பிரான்சிலின்.

விடவில்லை.
மறுபடி சேர்த்தேன், முறையாக நீக்குவதற்காகவே.
திரை காரணம் கேட்டது.
ஒற்றை விரலால் அவரே அடித்தார்: வித்தாச்சு.
கொஞ்சம் நின்று, அதை அழித்து: கடன்.

எண்டரை நான் தட்டட்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றார்.
"எனக்க தம்பிக்க வள்ளமாக்கும்."