கதவு பூட்டு

நடுத்தெருவில் இன்று முப்பத்தொரு வீடு.
பத்தொன்பதில் ‘கதவு பூட்டு’ என்று குறித்தேன்.
மீட்டர் வாசல் சுவரில் இருந்த வீடுகளில்
போன தடவை நான் எழுதிய எண்
அப்படியே நின்றது.
தேக்குக் கதவு, பித்தளைப் பிடி,
எட்டு அறை, இரண்டு கூடம்,
பூஜ்யம் யூனிட்.

நான் சிங்காநல்லூர்க்காரி.
கணக்கீட்டாளர் வேலை, மாறுதலில் கீழக்கரை.
முதல் நாள் வாடகையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன்.
மாடி, இரண்டு அறை,
குளிக்கும்போது கடல் தெரியும் ஜன்னல்,
இரண்டாயிரத்து எண்ணூறு.
எங்கள் பக்கம் அந்தக் காசுக்கு
பைக் நிறுத்த இடம் தருவார்கள்,
மழை படாத இடம் என்று சொல்ல மாட்டார்கள்.

சிரிப்பு ஒரு வாரம் தாங்கியது.
குழாயில் வருவது உப்பு.
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது,
தலைமுடி தேங்காய் நார்.
நல்ல தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்,
மாடி ஏற்ற இன்னொரு மூன்று.
மூன்று பேருக்கு ஏழு குடம்.
கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் கோடு போட்டு
மாதக் கடைசியில் கூட்டினால்
வாடகைக்கு ஒரு தங்கை இருந்தாள்,
அக்காளைவிடக் கொஞ்சம் குண்டு.

ஏர்வாடி சாலையில் கருவேலத்தைச் சிரைத்துக்
கல் நட்டிருக்கிறார்கள்.
மஞ்சள் கொடி. ‘கடல் காட்சி நகர்’.
கடலைப் பார்க்கப் பலகைமேல் ஏற வேண்டும்.
சென்ட் எழுபதாயிரம் என்றார் தரகர் பகுருதீன்.
வாங்குகிறவர் யாரும் வந்து பார்ப்பதில்லையாம்,
போனில் படம் போதுமாம்.
சிங்காநல்லூரில் ஒரு சென்ட் விற்றால்
இங்கே இருபத்தைந்து சென்ட் முள் வாங்கலாம்.
“கரண்டு கம்பம் எப்ப வரும் மேடம்?”
ஆள் வந்தால் வரும் என்றேன்.
கம்பம் வந்தால்தானே ஆள் வரும் என்றார்.
இருவரும் சரியாகத்தான் பேசினோம்.

என் வீட்டுக்காரர் ஜுலைஹா லாத்தா
இந்த வீட்டில் இருந்ததே நாற்பது நாள்.
கல்யாணத்துக்கு வாப்பா எழுதி வைத்தது.
இப்போது சென்னை, மண்ணடி, மூன்றாம் மாடி,
லிஃப்ட் கிடையாது,
ஜன்னலைத் திறந்தால் இன்னொரு வீட்டு ஜன்னல்.
பதினேழாயிரம்.
போனில் ஒருநாளும் வாடகை கேட்டதில்லை.
“காத்து வருதாம்மா? கடல்பக்க ஜன்னலைத் தொறந்து வையி,
அடைச்சே கெடந்தா சுவரு பொரிஞ்சிரும்.”
நேற்றுதான் இழுத்தார்.
“எங்க வீட்டுக்காரரு ரெண்டாயிரம் ஏத்திட்டாரு…
நீ ஒரு முந்நூறு…”
சரி லாத்தா என்றேன்.
முந்நூறு என்பது இருபது குடம்.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில்
பிரபாத் நாயக் குடியிருக்கிறார்,
கஞ்சாமிலிருந்து மில்லுக்கு வந்தவர்.
ஒன்பதாயிரம். ஒன்றாம் தேதி தவறியதில்லை.
இரவு கூப்பிட்டேன்.
தண்ணீர் வருதா, பாப்பா ஸ்கூல் போகுதா,
ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று
லாத்தா குரலிலேயே தொடங்கி
ஐந்நூறு என்றேன்.

முந்நூறு என்றுதான் நினைத்திருந்தேன்.
வாய்க்கு வந்தபோது ஐந்நூறாகிவிட்டது.

கொஞ்ச நேரம் அவர் வீட்டுக் குக்கர்தான் பேசியது.
அது அவர் வீடு இல்லை, என் வீடு,
ஆனால் குக்கர் அவருடையது.
“சரி மேடம்” என்றார்.
“ஊர்ல நமக்கும் வீடு இருக்கு மேடம். பெரிசு.
பூட்டி இருக்கு.”

அந்த மீட்டரை யார் எழுதுகிறார்களோ.
எந்த மொழியில் எழுதுகிறார்களோ,
நான் எழுதும் அதே இரண்டு சொல்லை.

காலையில் தண்ணீர் வண்டி மணியடித்தது.
ஆறு போதும் என்றேன்.
வண்டிக்காரன் பழக்கத்தில் ஏழை இறக்கிவிட்டு
ஒன்றைத் திரும்ப ஏற்றினான்.
அது தளும்பி
தெருவில் கொஞ்சம் சிந்தியது.