சுவர் இல்லாத வீட்டின் நீர்க்கோடு

அலுவலக நாடா துருப்பிடித்து இழுபடவில்லை.
தையல் நாடா ஒன்றை
பக்கத்து வீட்டு வசந்தமாலாவிடம் இரவல் வாங்கிப் போனேன்.
அறுபது அங்குலம். அதற்கு மேல் வெள்ளம் வந்திருந்தால்
என்னிடம் அளவில்லை.

சுற்றுநிருபம் சொல்கிறது:
தண்ணீர் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.
சுவரில் அடையாளம் இருக்க வேண்டும்.
படம் இணைக்க வேண்டும்.
முற்றத்தில் நின்ற வெள்ளம் வெள்ளமல்ல.
வயலில் குடலை நெல்லை அழுக வைத்தது
வேறு திணைக்களத்து வெள்ளம்.
அதை அளக்க மாசி கழிந்து ஆள் வரும்.

சீமெந்து வீடுகளில் வேலை சுகம்.
பென்சிலால் இழுத்தது மாதிரிக் கோடு,
அலுமாரிக்குக் குறுக்கே,
கலண்டருக்குக் குறுக்கே.
போன தேர்தலுக்குக் கொடுத்த கலண்டர்.
எம்பியின் மீசை வரை சேறு.
இந்த ஊர்த் தண்ணீரில் மூன்று நாள் நின்ற
ஒரே அரசியல்வாதி அவர்தான்.

குளத்தின் வான்கதவை யார் திறந்தது என்று
சந்தியில் இன்னமும் சண்டை.
முன்னமே அறிவித்தோம் என்கிறது ஒரு கட்சி,
அறிவிக்கவே இல்லை என்கிறது மற்றது,
எனக்குக் கட்டளை வரவில்லை என்கிறார் பொறியியலாளர்.
ஒருவரும் திறக்கவில்லையாம்.
கதவுதான் நித்திரை வராமல்
இரவு ஒரு மணிக்கு எழும்பித் திறந்ததாக்கும்.

அரிசி லொறி காலை பத்துக்கு வந்தது.
நாலரை வரை தார்ப்பாயை அவிழ்க்கவில்லை.
கொடுக்கிறவர் கொழும்பிலிருந்து வரவேண்டும்.
இடையில் ஒரு தூறல்.
வரிசை கலையவில்லை. ஏற்கெனவே நனைந்தவர்கள்தானே.

அமைப்பாளர் சிவகடாட்சத்தின் வீடு மேட்டில்.
முதற்படி மட்டும் ஈரம்,
அதுவும் மாட்டுக்கு வைத்த வாளி சரிந்து.
பட்டியலில் அவர் பெயர் ஏழாவது.
"படியும் வீடுதானே தங்கச்சி" என்று
பிளேன்ரீ தந்தார்.
குடித்தேன்.
அதை எந்த நிரலில் எழுதுவது என்று தெரியவில்லை.

மருதாயியிடம் போனபோது வீடே இல்லை.
எழுபத்தேழில் மாத்தளைப் பக்கமிருந்து
தகப்பனின் தோளில் ஏறி வன்னிக்கு வந்தவள்.
காணிக்கு உத்தரவுப்பத்திரம் கிடையாது,
அது காடு என்கிறது வனத் திணைக்களம்.
மண்சுவர் கரைந்து வாய்க்காலோடு போய்விட்டது.
நாலு கப்பும் ஒரு அம்மியும் மிச்சம்.

முன்னர் அனர்த்த நிவாரணம் பெற்றவரா?
படிவத்தின் கேள்வி. வாசித்தேன்.
"எந்த அனர்த்தத்துக்கு, மிஸ்?"
கட்டம் சிறியது.
ஆம் என்று மட்டும் எழுதினேன்.

"கோடு எங்கே அக்கா?"
நெஞ்சில் கையை வைத்தாள்.
"இம்புட்டு. ஆட்டைத் தலையில வச்சுக்கிட்டு நின்னேன்."
நாடாவின் ஒரு முனையைத் தானே குதிக்காலால் மிதித்தாள்.
நாற்பத்தாறு அங்குலம்.
அவளை நிறுத்திப் படம் எடுத்தேன்.

ஒன்பதாம் நாள்
கிளிநொச்சியிலிருந்து படிவம் திரும்பி வந்தது.
சிவப்புப் பேனா: சுவர் தெரியவில்லை.

மறுபடி போனேன்.
கப்புகளுக்கு நடுவே ஒரு சுவர்.
ஒன்றே ஒன்று. கதவில்லை, கூரையில்லை,
உள் எது வெளி எது என்றில்லை.
காயாத மண்ணில் அவள் விரல்கள்.
குறுக்கே ஒரு கரிக்கோடு.
"இப்ப எடுங்க மிஸ்."

நாடாவை வைத்தேன்.
நாற்பத்தாறு.
ஓர் அங்குலம் கூட்டியிருக்கலாம்,
யார் கேட்கப் போகிறார்கள்.

நிழல் விழுகிறது, தள்ளி நில்லுங்கோ என்றேன்.
தள்ளி நின்றாள்.
அந்த நேரம் பார்த்து ஆடு வந்து
முதுகு சொறியச் சுவரில் உரசியது.
கோட்டில் ஒரு சாண் அதன் விலாவில் ஏறியது.

"ஏய் சனியனே," என்று ஓடினாள் மருதாயி,
"அரசாங்கக் காசை அழிக்கிறியா!"