ழகரம்

பதினோரு வருஷமாக
இரண்டாம் வாசகம் என்னுடையது.
இந்த ஞாயிறு பட்டியலில் ஜெனிட்டாவின் பெயர்.
இருக்கட்டும், சின்னப்பிள்ளை வாசிக்கட்டும் என்றேன்,
சாமியாருக்குக் கேட்கிற மாதிரி.

தாழ்மையைத் 'தாள்மை' என்று வாசித்தாள்.
மூன்றாம் பெஞ்சிலிருந்து என் உதடு
ழகரத்தைத் திருத்தியது,
பக்கத்தில் எமெரன்சியா திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

பரிகாரம் செய்ய நினைத்தேன்.
பூசை முடிந்து எல்லாரும் மீகூனுக்கு வரிசை பிடிக்கையில்
முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
கோயில் கழிவறையைக் கழுவப் போனேன்,
புதுச்சேலையில் ஒரு சொட்டுப் படாமல்.
அந்தப் பக்கம் யாருமே வரவில்லை.
காரணமில்லாமல் இரண்டு தடவை
வாளியைத் தரையில் ஓங்கி வைத்தேன்.
ஆண்டவரே, உமக்குத் தெரியும்.

கொம்தாரில் ஏறினால்
ஜெலுத்தோங் பஸ்ஸில் நிற்க மட்டும் இடம்.
கட்டட வேலைக்காரர் ஒருவர், மியன்மார்க்காரராக இருக்கலாம்,
புருவம் வரைக்கும் சிமெண்டுத் தூசி,
எழுந்து இடத்தைக் காட்டினார்.
இருக்கையிலும் சிமெண்டு.
வேண்டாமென்று சொல்ல
தமிழும் மலாயும் நாக்கு நுனியில் வந்து நின்றன.
அவர் குனிந்து உள்ளங்கையால் இருக்கையைத் துடைத்தார்.
அந்தக் கையிலும் சிமெண்டு.
பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்,
சுத்தமாகிவிட்டது என்பதுபோல.

உட்கார்ந்தேன்.
இந்த வாரம் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சேலையைத் தட்டிவிட்டாயா என்று
பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால்
மறைக்க மாட்டேன்.
தட்டினேன், சாமி.
அவர் இறங்கி,
பஸ் வளைவு திரும்பிய பிறகு.