கையிருப்பு

எந்தப் பக்கம் போறியள் என்றுதான் முதலில் கேட்பேன்.
துவக்கின் பேர் பிறகு.

சுண்டிக்குளம் என்றால் வெட்டை.
உப்புக்காற்று பக்கவாட்டில் தள்ளும்.
கூர்மூக்கு ரவை, எடை குறைவு, வேகம் கூட.
இருநூறு கவடு தாண்டியும் தாழாது.

நெடுங்கேணிப் பற்றைக்குள் அது சரிவராது,
வீரைச் சுள்ளி ஒன்று தட்டினாலே விலகிவிடும்.
அங்கே மொட்டைமூக்கு, பாரமானது.
ஆறுதலாய்ப் போனாலும் போய்ச்சேரும்.

நான் மான் சுட்டதில்லை.
கஸ்தூரியார் வீதியில் ஆணியும் பிணைச்சலும் விற்கிறவன்.
காட்டைப் படித்தது
திரும்பி வந்தவர்களின் பொய்களில்.

அன்று மத்தியானம்
கோண்டாவில் நன்னித்தம்பி
லைசென்சை மேசையில் விரித்தார்.
எந்தப் பக்கம்?
‘கிட்டத்தான். பதினைஞ்சு கவடு வரும்.’
பற்றையோ, வெட்டையோ?
‘கிளுவை வேலி.’

அவருக்கும் தமையனுக்கும்
ஒரு முழ நிலத்துக்கு வழக்கு,
இது பதினோராம் வருசம்.

லாச்சிக்குள் நாற்பத்திரண்டு கிடந்தன.
முடிஞ்சுது என்றேன்,
இனிக் கப்பல் வரவேணும்.

அடுத்த கிழமை வந்து
முள்ளுக்கம்பி இரண்டு சுருள் வாங்கினார்.
மிச்சக்காசை எண்ணி மடியில் செருகிக்கொண்டு
கேட்டார்:
கப்பல் வந்திட்டுதோ?