உடும்புப் பிடியை விடுவது

மழைக்கு முன்பா, பின்பா என்றுதான்
பெலேம் நகரில் நேரம் குறிப்போம்.
எங்கள் பயிற்சி எப்போதும் மழைக்குப் பின்.

பதினோரு வருடம் கற்றது ஒன்றுதான்:
தரைக்குப் போ. தரை உன் கட்சி.
மல்லாந்து படுத்து, கால்களால் எதிராளி இடுப்பைப் பூட்டி
முழங்கை மடிப்பில் அவன் மூச்சை
அவசரமே இல்லாமல் எண்ணலாம்.
ஜுஜுட்சுவில் பழுப்புப் பட்டை எனக்கு.
பகலில் பல் கட்டும் கூடத்தில்
ஊரார் வாய்க்குக் கடைவாய்ப் பற்கள் செய்கிறேன்.
பிடித்தால் விடாதவை என் பிழைப்பு.

பிறகு வால்சிர்.
சாவோ பிராஸ் சந்தைக்குப் பின்னால்
ஒருவன் கையை மடக்கி முறுக்கினான்.
பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தம்.
இரண்டாமவனுக்கு அந்த அழகு புரியவில்லை.
அவனுக்குக் கால் இருந்தது, காலில் பூட்ஸ் இருந்தது.
இப்போது வால்சிரிடம் எதையும்
வலப்பக்கம் நின்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் சனிக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர்
மெத்தையைச் சுருட்டி ஓரமாய் வைத்தோம்.
சிமெண்ட் தரை. காலில் செருப்பு.
ஒருவர் நடுவில், மூவர் சுற்றி,
வால்சிர் நாற்காலியில்.

முதல் வாரம்
இரானில்தியை அணைத்ததுமே என் முழங்கால் தானாக மடிந்தது.
தரை கூப்பிட்டது, போனேன்.
நாலு நொடி.
சுண்ணாம்பு தடவிய செருப்புகள்
முதுகில் ஆறு தடம், காதுப்பக்கம் இரண்டு.
வால்சிர் எண்ணினான். சிரிக்கவில்லை.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர்கள்
ஒருவனோடு மட்டும் மோதியவர்களாக இருக்கும்.

மெல்ல, பிடி வேறு வேலைக்குப் போனது.
காலரைப் பற்றுவது நெரிக்க அல்ல, திருப்ப:
ஒருவனை இன்னொருவன் முன்னால் கதவாகச் சாத்த.
அக்குளுக்குள் கை நுழைப்பது தூக்கி எறிய அல்ல,
அவன் தோளுக்குப் பின்னால் என் முகத்தை வைக்க.
மூவர் ஒரே கோட்டில் வந்தால் ஒருவர்;
வளைத்து நின்றால் முப்பது பேர்.
விழுந்தால், விழுவேன்தான்,
ஒரு கை ஊன்றி ஒரு காலை வெளியே இழுத்து
எழுவது மட்டும் ஒரு மாதம்.

கடைசியில் வந்தது கஷ்டமான பாடம்.
"ரெண்டு நொடி, விடு" என்பான் வால்சிர்.
விரல்கள் கேட்கவில்லை.
உடும்புக்கு எவரும் விடச் சொல்லித் தந்ததில்லையே.
கைக்கு வந்த கழுத்தை
யாராவது சும்மா விடுவார்களா?

நவம்பர். மாமரங்கள் கூரை போட்ட தெரு.
கார்களின் தலையில் பழம் விழும் பருவம்.
ஒருவன் மணி கேட்டான்.
அவன் கையிலேயே கடிகாரம் இருந்தது.
பின்னால் இரண்டு பேர்.
மூவரிடமும் சோப்பு வாசனை;
குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.
இதைப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

பையை இழுத்தார்கள், கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை.
மணி கேட்டவனின் சட்டை என் கையில். திருப்பினேன்.
கூட்டாளியின் குத்து அவன் தோளில் இறங்கியது.
தடுமாறிச் சாய்ந்தான்,
முழங்கை மடிப்புக்குள் அவன் தொண்டை வந்து உட்கார்ந்தது,
அச்சுக்குள் மெழுகு போல.
பதினோரு வருடம் நான் தேடிய கோணம்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சமே

விட்டேன்.
அவனை அப்படியே மற்றவன்மேல் தள்ளினேன்.
மூன்றாமவன் பழத்தில் வழுக்கினானோ என்னவோ,
சத்தம் மட்டும் கேட்டது. ஓடிக்கொண்டிருந்தேன்.

பேருந்தில் காசில்லை, பேச மூச்சில்லை.
நடத்துனர் என் உதட்டைப் பார்த்தார்,
சுழல்கம்பிக்கு அடியில் நுழைந்து வரச் சொன்னார்.
அந்த இரவில் நான் தரைக்குப் போனது
அங்கே மட்டும்தான்.

வலப்பக்கம் நின்று எல்லாம் சொன்னேன்.
"எத்தனை நொடி பிடித்திருந்தாய்?"
மூன்று.
"ஒன்று அதிகம்" என்றான் வால்சிர்.

திங்கட்கிழமைக்குள்
தோனா எடில்சாவின் மேல்வரிசையை மறுபடி செய்தாக வேண்டும்.
பைக்குள் இருந்தது அதுதான்.
இந்நேரம் எங்கோ ஒரு தெருவிளக்கடியில்
மூன்று பேர் அதைத் திறந்திருப்பார்கள்:
பஞ்சுக்குள்ளிருந்து
அவர்களைப் பார்த்து இளித்தபடி
பதினான்கு பற்கள்.