வானம் பிளக்காத படம்

இந்த வரிசையில் மொத்தம் எத்தனை என்று தெரியாது எனக்கு.
மூன்றாவதைப் பேருந்தில் பார்த்தேன்,
ஈப்போ தாண்டியதும் தூங்கிவிட்டேன்.
ஏழாவதை, தங்கச்சியின் பிரசவ வார்டுக்கு வெளியே
யாரோ ஒருவருடைய கைப்பேசியில்,
சத்தமில்லாமல்.

இன்று கையுறை ஆலையில் பாய்லர் கெட்டுவிட்டது.
ஷிஃப்டு இல்லை.
லோச்சனாதான் இழுத்து வந்தாள், கூடவே தம்பி யுவனேஷ்.
பாயா ரெங்காஸ் பேரங்காடி, மேல்மாடி, இரண்டே திரை.
பதிமூன்று வெள்ளி.
சோளப்பொரி தனி.

திரைக்கு அடியில் மலாய், அதற்கும் அடியில் சீனம்.
நான் மலாயைப் படித்து முடிப்பதற்குள்
அடி விழுந்துவிடுகிறது.
"இவன் அஞ்சாவது படத்துல மூணு நிமிஷம் வந்தான்க்கா,
அந்தத் துறைமுகச் சண்டையில, ஓரமா."
ஓரமாக வந்தவனா!
அப்போதே அவன்மேல் எனக்கொரு இது.

இந்தத் தடவை வானம் பிளக்கவில்லை.
வில்லன் கேட்டது ஓர் அடுக்குமாடியின் பத்திரம்,
அவ்வளவுதான்.
நாற்பது குடும்பம், ஓடாத லிஃப்டு.
பின்வரிசைப் பையன் "போரிங் லா" என்றான்.
கழிவறைக்குப் போன அவன் அப்பா
திரும்பவே இல்லை.

நாற்பது குடும்பம் என்றால் எண்ண முடிகிறது.
தோட்டத்தை விற்றபோது
எங்கள் டிவிஷனில் முப்பத்தாறு வீடு.
எண்ணூறு கோடிப் பேர் சாகப்போகிறார்கள் என்று
ஏழாவதில் எழுத்து ஓடியபோது
நான் வார்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டைகள் நினைவில்லை.
ஓர் இரவு அவன் தன் உடையைத் துவைக்கிறான்.
வாளியில். சோப்புத்தூளை மூடியில் அளந்து.
குளியலறைக் கம்பியில் காயப்போடுகிறான், வெளியே மழை.
விடியுமுன் கீழ்வீட்டில் யாரோ அலறுகிறார்கள்.
தொட்டுப் பார்க்கிறான்,
முகம் சுளிக்கிறான்,
ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஜன்னலில் குதிக்கிறான்.
அரங்கத்தில் நான் ஒருத்திதான் சிரித்தேன்.
லோச்சனா தொடையில் கிள்ளினாள்.

பெயர்கள் ஏறத் தொடங்கியும் யாரும் எழவில்லை.
துடைப்பத்தோடு வந்த வங்காளதேசத்து அண்ணன்
சுவரில் சாய்ந்து நின்றார், பழகியவர் போல.
கடைசியில் இருட்டிலிருந்து ஒருத்தி வந்து
கையுறையைக் கழற்றினாள்.
கூட்டமே கத்தியது.
"யாருடா அது?"
"எட்டாவது பாக்கணும்க்கா."
நைட்ரைல் இல்லை, தோல்.
அது மட்டும் எனக்குத் தெரிந்தது.

லோச்சனாவின் காஞ்சிலுக்கு ஒரு வைப்பர்தான் வேலை செய்யும்.
முன்னால் போன லாரியிலிருந்து
ஒரு செம்பனைக் குலை விழுந்து உருண்டது,
அவள் வளைத்து ஓட்டினாள், பேச்சை நிறுத்தாமல்.
பத்தரைக்குச் செய்தி: பாய்லர் சரி. காலை ஷிஃப்டு உண்டு.

ஐந்து மணி.
நீலச் சட்டை அக்குளில் இன்னும் ஈரம்.
சந்தியில் ஆலைப் பேருந்து இரண்டாம் தடவை ஹார்ன் அடிக்கிறது.
எட்டாவது யாரிடம் இருக்கும் என்று
பேருந்தில் கேட்க வேண்டும்.